வினிகர் ஊற்றியும் சாகாத கிருமிகள்: 'பயோஃபிலிம்' சூட்சுமத்தை 1683-லேயே பார்த்த துணிக்கடைக்காரர்

ஐ.சி.யு-வில் இருக்கும் ஒருவருக்கு ஒரு வாரமாகச் சிறுநீர்க் குழாய் போட்டிருக்கிறார்கள். திடீரென்று நடுக்கத்தோடு காய்ச்சல். கல்ச்சர் டெஸ்ட்டுக்கு அனுப்புகிறார்கள். என்ன கிருமி, எந்த ஆன்டிபயாடிக்குக்கு அடங்கும் என்று ரிப்போர்ட் வந்துவிடுகிறது. அதே மருந்தை ஏற்றுகிறார்கள், காய்ச்சலும் இறங்குகிறது. மருந்தை நிறுத்தி நாலு நாள்கூட ஆகியிருக்காது. அதே கிருமி, அதே காய்ச்சல்.

ரிப்போர்ட் தப்பா? மருந்து போலியா? வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்களுக்கு இந்தச் சந்தேகம்தான் முதலில் வரும். பல நேரம் ரெண்டுமே சரியாகத்தான் இருக்கும். ஆய்வகத்தில் சோதித்தது, திரவத்தில் தனித்தனியாக மிதக்கும் கிருமியை. நோயாளியிடம் இருப்பதோ குழாயின் சுவரில் படலமாக ஒட்டிக்கொண்டு, கூட்டமாகக் குடித்தனம் நடத்தும் கிருமி. முதலாவதைக் கொல்லும் மருந்து இரண்டாவதை அசைப்பதில்லை. இந்தப் படலத்துக்குப் பெயர்தான் பயோஃபிலிம். தமிழில் உயிர்ப்படலம் என்கிறார்கள்.

இந்த வித்தியாசத்தை உலகிலேயே முதலில் கண்ணால் பார்த்து எழுதிவைத்தவர் ஒரு துணிக்கடைக்காரர். ஸ்கூல் புத்தகத்தில் ஒரு வரியில் நாம் கடந்துபோன ஆண்டனி வான் லீவன்ஹூக். பாக்டீரியாவைக் கண்டுபிடித்தவர் என்று மட்டும் அவரை ஞாபகம் வைத்திருக்கிறோம். அதே பாக்டீரியா எப்படித் தப்பிக்கிறது என்பதையும் அவர் பார்த்திருந்தார். அந்தப் பாதி கதை கிட்டத்தட்ட 300 வருஷம் யார் கண்ணிலும் படவில்லை.

கூடை பின்னுபவர் மகன்

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1632 அக்டோபர் 24-ல் பிறந்தார் லீவன்ஹூக். அதே ஊர், அதே மாசம் பிறந்த இன்னொருவர் ஓவியர் வெர்மீர். இவருடைய அப்பா கூடை பின்னுபவர். அம்மா பீர் காய்ச்சும் தொழில் செய்த குடும்பத்துப் பெண். பையனுக்கு ஐந்தாறு வயசு இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மா ஓர் ஓவியரை மறுமணம் செய்துகொண்டார். பையன் வெளியூர்ப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம், சட்டம் தெரிந்த உறவினர் வீட்டில் கொஞ்ச காலம் என்று வளர்ந்தான். பல்கலைக்கழகப் பக்கம் போகவே இல்லை. 16 வயசில் ஆம்ஸ்டர்டாமில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து கணக்கு வழக்கு, வியாபாரம் பழகினார்.

1654-ல் ஊருக்குத் திரும்பி, பார்பராவைக் கல்யாணம் செய்து, சொந்தமாக ஜவுளிக்கடை போட்டார். ஐந்து குழந்தைகள் பிறந்து, மரியா என்ற ஒரு மகள் மட்டும்தான் பிழைத்தாள். 1666-ல் பார்பராவும் இறந்துபோனார். பிறகு ஒரு மறுமணம். அந்த மனைவியும் 1694-ல் காலமானார். கடைசி வரைக்கும் கூடவே இருந்தது கல்யாணம் செய்துகொள்ளாத மரியாதான்.

1660-ல் நகர நிர்வாகத்தில் ஒரு வேலை கிடைத்தது. நகர நடுவர்கள் கூடும் அறையைப் பார்த்துக்கொள்வது, கதவு திறப்பது, பூட்டுவது, குளிருக்குக் கணப்பு மூட்ட ஏற்பாடு செய்வது. கேட்க சின்ன வேலையாகத் தெரியும், ஆனா நிலையான சம்பளம். பின்னால் நில அளவையாளர், மது பீப்பாய்களின் கொள்ளளவை அளப்பவர் என்று வேறு பொறுப்புகளும் வந்தன. வெர்மீர் கடனோடு இறந்தபோது சொத்துக் கணக்கைத் தீர்க்க நகரம் நியமித்ததும் இவரைத்தான். அளப்பதும் எண்ணுவதும் கணக்கு எழுதுவதும் இவர் பிழைப்பு. பின்னால் கிருமியைப் பார்த்தபோதும் அதே புத்திதான் வேலை செய்தது: எத்தனை, எவ்வளவு பெரிசு, எந்தப் பக்கம் ஓடுகிறது.

கட்டைவிரல் அளவு கருவி

துணி வியாபாரிகள் இழையைச் சோதிக்க லென்ஸ் வைத்திருப்பது அப்போது வழக்கம். இவருடைய ஆர்வம் அங்கிருந்து தொடங்கியிருக்கலாம் என்று சொல்வார்கள். 1665-ல் லண்டனில் ராபர்ட் ஹூக்கின் 'மைக்ரோகிராஃபியா' வெளிவந்து, பேனையும் தெள்ளுப்பூச்சியையும் பக்கம் அகலத்துக்குப் படம் போட்டுக் காட்டியிருந்தது. ஐரோப்பாவே நுண்ணோக்கி பைத்தியம் பிடித்து அலைந்த காலம்.

லீவன்ஹூக்கின் கருவியைப் பார்த்தால் நுண்ணோக்கி என்றே தோன்றாது. ரெண்டு சின்ன உலோகத் தகடுகள், நடுவில் ஊசித் துளை அளவு ஓட்டை, அதில் ஒரு கண்ணாடி மணி. பின்னால் ஓர் ஊசி முனை. பார்க்க வேண்டியதை அதில் குத்தி, திருகைத் திருப்பி நேருக்குக் கொண்டுவர வேண்டும். கண்ணுக்கு ஒட்டினாற்போல் பிடித்து வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அன்றைய பெரிய நுண்ணோக்கிகள் பல லென்ஸ் சேர்த்துச் செய்ததால் கலங்கலாகக் காட்டும். இவருடையது ஒற்றை லென்ஸ் என்பதால் தெளிவு அதிகம். இன்றைக்கு மிஞ்சியிருப்பவற்றில் சிறந்தது சுமார் 266 மடங்கு பெரிதாக்குகிறது. நூற்றுக்கணக்கில் செய்தார், ஒன்றைக்கூட விற்கவில்லை. லென்ஸ் செய்யும் முறையையும் யாருக்கும் சொல்லவில்லை.

அந்த ரகசியம் உடைந்தது 2021-ல். தகடுகளைப் பிரிக்காமலேயே நியூட்ரான் கதிர் வைத்துப் படமெடுத்துப் பார்த்தார்கள். அதிசக்தி வாய்ந்த அந்த லென்ஸ், கண்ணாடி இழையை உருக்கி எடுத்த சின்ன உருண்டை. ஹூக் தன் புத்தகத்தில் எல்லோருக்கும் தெரியும்படி எழுதிவைத்த அதே செய்முறை!

மிளகுத் தண்ணீரும் எட்டு சாட்சிகளும்

1673-ல் டெல்ஃப்ட் மருத்துவர் ரெய்னியர் டி கிராஃப், இப்படி ஓர் ஆள் எங்கள் ஊரில் இருக்கிறார் என்று லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதி அறிமுகப்படுத்தினார். அதிலிருந்து 50 வருஷம் லீவன்ஹூக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். அவருக்கு டச்சு மட்டும்தான் தெரியும். அன்றைய அறிவாளிகளின் மொழியான லத்தீன் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் கதை சொல்வதுபோல எழுதுவார். என்ன சாப்பிட்டேன், வயிறு எப்படி இருந்தது என்பதெல்லாம் நடுவில் வரும். சங்கத்தின் செயலர் ஹென்றி ஓல்டன்பர்க் அதை ஆங்கிலத்துக்கு மாற்றி அச்சிட்டார்.

1674-ல் ஊருக்குப் பக்கத்து ஏரியில் பச்சை பச்சையாக மிதந்ததை எடுத்துப் பார்த்தார். உள்ளே குட்டிக் குட்டியாக நீந்தும் உயிர்கள். 1676-ல் வேறொரு கேள்வி பிடித்துக்கொண்டது: மிளகு ஏன் நாக்கில் சுரீரென்று உறைக்கிறது? மிளகுத் துகளுக்கு முள் இருக்குமோ என்று சந்தேகம். கிழக்கிலிருந்து டச்சுக் கப்பல்கள் கொண்டுவந்து குவித்த அதே மிளகுதான். தண்ணீரில் ஊறப்போட்டார். வாரக்கணக்கில் ஊறியபின் பார்த்தால் முள்ளைக் காணோம்; பதிலுக்கு முன்பு பார்த்தவற்றைவிடவும் பல மடங்கு சின்னதாக, கணக்கில்லாமல் உயிர்கள். அவற்றில் பாக்டீரியாவும் இருந்தது. 1676 அக்டோபர் 9 தேதியிட்ட நீளமான கடிதத்தில் இதை லண்டனுக்கு எழுதினார்.

அங்கே நம்பவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீரில் லட்சக்கணக்கில் பிராணிகளா? கருவியையும் தரமாட்டார், முறையையும் சொல்லமாட்டார். சந்தேகப்பட்டதில் நியாயம் இருக்கத்தான் செய்தது. லீவன்ஹூக் பாதிரியார்கள், நோட்டரி என்று ஊர்ப் பெரியமனிதர்கள் எட்டுப் பேரை அழைத்துக் காட்டி, பார்த்தோம் என்று கையெழுத்து வாங்கி அனுப்பிவைத்தார். 1677 நவம்பரில் ஹூக்கே மிளகுத் தண்ணீர் தயாரித்து, சங்கத்தார் முன்னிலையில் அந்தப் பிராணிகளைக் காட்டியபிறகுதான் பேச்சு அடங்கியது. 1680-ல் ராயல் சொசைட்டி இவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. ஒரு கூட்டத்துக்குக்கூட அவர் போனதில்லை.

பல் ஊத்தை

இனிதான் விஷயமே. 1683 செப்டம்பர் 17-ல் இன்னொரு கடிதம். அப்போது அவருக்கு 51 வயசு நெருங்கிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் உப்பு வைத்துப் பல் தேய்ப்பார், வாய் கொப்பளிப்பார், சாப்பிட்டபின் குச்சியால் கடைவாய்ப் பல்லைச் சுத்தம் செய்வார், துணியால் அழுத்தித் துடைப்பார். அந்த வயசில் இவ்வளவு சுத்தமான பற்கள் உள்ளவர்கள் குறைவு என்று அவருக்கே ஒரு பெருமை. இவ்வளவு செய்தும் பல் இடுக்கில் மாவுக் கரைசல் பதத்தில் வெள்ளையாக ஏதோ தங்கிவிடுகிறது. நம் ஊரில் பல் ஊத்தை என்பார்களே, அதுதான்.

அதைக் கொஞ்சம் சுரண்டி, உயிர் எதுவும் இல்லாத மழைத்தண்ணீரில் கலந்து லென்ஸில் பார்த்தார். உள்ளே திருவிழாக் கூட்டம். ஒரு வகை அம்பு மாதிரி பாய்கிறது, ஒரு வகை பம்பரம் மாதிரி சுற்றுகிறது, ஒரு வகை நீளமாக வளைந்து நெளிகிறது. வடிவங்களைப் படமாகவும் வரையச் செய்தார். பாக்டீரியாவுக்கு வரைந்த முதல் படங்களில் அது ஒன்று. ரெண்டு பெண்களின் வாய், எட்டு வயசுக் குழந்தையின் வாய் என்று பலரிடமும் மாதிரி எடுத்தார். வாழ்நாளில் வாய் கழுவியதே இல்லை என்று சொன்ன ஒரு முதியவரும் அதில் உண்டு. அவரிடம் கிடைத்த கூட்டத்தைப் பார்த்து லீவன்ஹூக்கே அசந்துவிட்டார். தன் ஒருவன் வாயில் இருக்கும் உயிர்களின் எண்ணிக்கை மொத்த நெதர்லாந்தின் ஜனத்தொகையைவிட அதிகம் என்பது அவர் போட்ட கணக்கு.

இதில் ஒரு வேடிக்கை. அவர் வீட்டுக்கு வேடிக்கை பார்க்க வந்த சில பெண்களுக்கு, வினிகரில் நெளியும் பொடிப்புழுக்களைக் காட்டியிருந்தார். அருவருப்பில் அவர்கள் இனி வினிகரே தொடமாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். சொந்த வாயில் இருப்பதைக் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ என்று கடிதத்தில் கேலி செய்கிறார்.

பிறகு அதே வினிகரை மருந்தாக்கிப் பார்த்தார். ரொம்பக் காட்டமான ஒயின் வினிகரை வாயில் ஊற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு நன்றாக அலசிக் கொப்பளித்தார். தண்ணீரால் கழுவினார். மறுபடி ஊத்தையைச் சுரண்டிப் பார்த்தால் பிராணிகள் எக்கச்சக்கமாக உயிரோடு திரிகின்றன, அதிலும் பல் இடுக்கில் இருந்து எடுத்ததில்தான் அதிகம். சாதாரண ஆள் இங்கே என்ன முடிவுக்கு வருவார்? வினிகருக்கு இவை சாகாது, விஷயம் முடிந்தது என்பார். லீவன்ஹூக் நிறுத்தவில்லை. ஊத்தையைத் தண்ணீரில் கரைத்து, அந்தக் கரைசலில் துளியூண்டு வினிகர் விட்டார். எல்லாம் அந்த நிமிஷமே செத்தன.

அதே பிராணி, அதே வினிகர். கரைத்துப் பிரித்தால் ஒரு துளிக்கே சாகிறது. பல்லில் அப்பிக்கொண்டிருந்தால் வாய் நிறைய ஊற்றினாலும் சாகவில்லை. அப்படின்னா வினிகர் ஊத்தையின் மேல்பரப்பில் இருந்தவற்றை மட்டும்தான் கொன்றிருக்கிறது, உள்ளே இறங்கவில்லை என்று எழுதினார்.

மேலே சொன்ன ஐ.சி.யு கதையை இதோடு பொருத்திப் பாருங்கள். கரைசலில் விட்ட துளி வினிகர்தான் ஆய்வகத்தின் சென்சிட்டிவிட்டி ரிப்போர்ட். வாய் கொப்பளித்த வினிகர்தான் நரம்பில் ஏற்றும் ஆன்டிபயாடிக்.

1692-ல் மறுபடி பல்லைச் சோதித்தபோது முன்பற்களில் உயிருள்ள பிராணிகளைக் காணவில்லை. தினமும் காலையில் சூடாகக் குடிக்கும் காபிதான் காரணம் என்று ஊகித்தார். உடனே கடைவாய்ப் பல்லில் எடுத்துப் பார்த்தார். சூடு சரியாகப் போய்ச் சேராத அங்கே அவை ஜோராக இருந்தன. படலம் எங்கே பத்திரமாக இருக்கிறதோ அங்கே கிருமியும் பத்திரம் என்பது திரும்பவும் கண்ணில் பட்டது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பிராணிகளால் நோய் வரும் என்று லீவன்ஹூக் சொல்லவில்லை. கிருமிக்கும் காய்ச்சலுக்கும் முடிச்சுப் போட இன்னும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

அரசர்கள் வந்தார்கள், பெட்டி தொலைந்தது

வயசான காலத்தில் அவர் ஐரோப்பாவின் காட்சிப் பொருள் ஆகிவிட்டார். 1698-ல் ரஷ்யாவின் ஜார் மகா பீட்டர் டெல்ஃப்டுக்கு வந்தபோது, படகுக்கே போய் விலாங்கு மீனின் வாலில் ரத்தம் ஓடுவதைக் காட்டினார். ஆனா கற்றுக்கொள்ள ஒரு சீடரையும் அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. இது அவருடைய பெரிய குறை. ஆள் போனால் வித்தையும் போகும் என்ற நிலையை அவரே உண்டாக்கிக்கொண்டார்.

உதரவிதானம் துடிக்கும் ஒரு வினோத நோய் வந்து, மூச்சு முட்டி அவஸ்தைப்பட்டார். அந்த அவஸ்தையையும் கவனித்து லண்டனுக்கு எழுதிக்கொண்டிருந்தார். 1723 ஆகஸ்ட் 26-ல், 90 வயசில் காலமானார். அவர் சொல்லிவிட்டுப் போனபடியே 26 வெள்ளி நுண்ணோக்கிகள் கொண்ட பெட்டியை மரியா ராயல் சொசைட்டிக்கு அனுப்பிவைத்தார். 19-ம் நூற்றாண்டில் அந்தப் பெட்டி காணாமலே போய்விட்டது.

தட்டில் வளர்த்ததால் வந்த வினை

1880-களில் ராபர்ட் காக் பாக்டீரியாவை ஒவ்வொரு வகையாகப் பிரித்து, தட்டில் வளர்க்கும் முறையைக் கொண்டுவந்தார். காசநோய்க் கிருமியும் காலராக் கிருமியும் பிடிபட்டது அப்படித்தான். மருத்துவத்தையே புரட்டிப்போட்ட முறை அது. ஆனா அதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்து, சத்தான திரவத்தில் வேகமாக வளரவிட்டு ஆராய்வதே நுண்ணுயிரியல் என்றாகிவிட்டது. ஆன்டிபயாடிக் வந்ததும் அதையும் இப்படி வளர்த்த கிருமி மேல்தான் சோதித்தார்கள்.

இயற்கையில் பாக்டீரியா பெரும்பாலும் அப்படித் தனியாக மிதப்பதில்லை. ரெண்டு நாள் கழுவாத குடத்தின் உள்பக்கம் விரலை ஓட்டினால் ஒரு வழவழப்பு தட்டுப்படுமே, படித்துறையில் கால் வழுக்குமே, அங்கெல்லாம் படலம்தான். 1943-ல் அமெரிக்காவின் கிளாட் சோபெல், கடல்நீரை பாட்டிலில் வைத்தால் தண்ணீரைவிட பாட்டில் சுவரில் பாக்டீரியா செழிக்கிறது என்று காட்டினார். மருத்துவ உலகம் கண்டுகொள்ளவில்லை. 1978-ல் கனடாவின் பில் காஸ்டர்ட்டனும் சகாக்களும், ஒட்டிக்கொண்டு வாழ்வதுதான் பாக்டீரியாவின் இயல்பான வாழ்க்கை என்று 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எழுதினார்கள். 1982-ல் காஸ்டர்ட்டன் குழு ஒரு பேஸ்மேக்கர் கம்பியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தது. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் தொற்று ஆன்டிபயாடிக் கொடுத்தும் போகாமல் தொல்லை கொடுத்த ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த கம்பி அது. கம்பி மேல் தடிமனான கிருமிப் படலம் அப்பியிருந்தது. பல்லுக்குப் பதில் கம்பி, மற்றபடி லீவன்ஹூக் பார்த்த அதே காட்சி.

படலத்துக்குள் என்ன நடக்கிறது?

முதலில் சில பாக்டீரியாக்கள் குழாயின் பிளாஸ்டிக்கில் வந்து ஒட்டும். பெருகும். சர்க்கரைச் சங்கிலிகள், புரதம், செத்த கிருமிகளிலிருந்து வெளியேறிய டி.என்.ஏ. எல்லாம் சேர்த்து ஒரு பிசினைச் சுரந்து, அதற்குள்ளேயே புதைந்துகொள்ளும். கூட்டம் எவ்வளவு பெரிசு என்பதை ரசாயன சமிக்ஞை மூலம் பரஸ்பரம் தெரிந்துகொண்டு அதற்கேற்பச் செயல்படும். படலம் முற்றியதும் சில கிருமிகள் கழன்று ரத்தத்திலோ சிறுநீரிலோ கலந்து ஊர் மாறும். காய்ச்சல் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் அடிக்கிறது. ஏற்றும் மருந்து கழன்றுவந்தவற்றைக் கொல்லும், காய்ச்சல் இறங்கும். குடியிருப்பு அப்படியே இருக்கும்.

வினிகர் உள்ளே இறங்கவில்லை என்ற லீவன்ஹூக்கின் விளக்கம் பாதி சரி. சில ஆன்டிபயாடிக்குகள் பிசினிலேயே சிக்கித் தாமதப்படுவது உண்மை. ஆனா பல மருந்துகள் படலத்தின் அடிவரை போய்ச் சேரத்தான் செய்கின்றன, போயும் பலனில்லை. காரணம், அடியில் இருக்கும் கிருமிகளுக்கு ஆக்சிஜனும் சத்தும் குறைவு. அதனால் அவை வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு கிட்டத்தட்டத் தூங்குகின்றன. பெனிசிலின் வகை மருந்துகள் கிருமி வளரும்போது சுவர் கட்டுவதைத்தான் கெடுக்கும். கட்டட வேலையே நடக்காத இடத்தில் கெடுப்பதற்கு என்ன இருக்கிறது? இப்படி உறங்கிக் கிடந்து பெனிசிலினிலிருந்து தப்பும் கிருமிகளை 1944-லேயே இங்கிலாந்தில் ஜோசப் பிக்கர் அடையாளம் கண்டு எழுதியிருந்தார். மிதக்கும் கிருமியைக் கொல்லும் அளவைவிட, சில மருந்துகளில் 1,000 மடங்கு வரை கொடுத்தாலும் படலத்துக் கிருமி தாங்குகிறது. அவ்வளவு மருந்தை மனித உடம்பு தாங்காது.

கவனிக்க வேண்டியது, இது மரபணு மாறி வரும் மருந்து எதிர்ப்பு அல்ல. படலத்தைக் கலைத்து வெளியே எடுத்தால் அதே கிருமி பழையபடி சாகும், கரைசலில் செத்தவை மாதிரியே. ஆபத்து, ரெண்டும் சேரும்போதுதான். கார்பபெனம் மருந்துகளுக்கே அடங்காத கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2024 பட்டியலில் மிக அவசரப் பிரிவில் வைத்திருக்கிறது. இவை ஏற்கெனவே மரபணுவில் எதிர்ப்பு உள்ளவை, மேலே படலமும் கட்டிக்கொள்பவை. எம்.ஆர்.எஸ்.ஏ., சூடோமோனாஸ் ஆகியவையும் படலம் கட்டுவதில் கெட்டிக்காரர்கள். படலத்துக்குள் நெருக்கியடித்து இருப்பதால் ஒன்றிடம் உள்ள எதிர்ப்பு மரபணு அடுத்ததற்குக் கைமாறுவதும் சுலபம். மருந்து கசிந்து கசிந்து போய்ச் சேருவதால், சாகாத அளவு மருந்தில் பழகுவதற்கும் அவகாசம் கிடைக்கிறது.

ஆஸ்பத்திரி இதற்கு வசதியான இடம். சிறுநீர்க் குழாய், கழுத்து நரம்பில் போடும் சென்ட்ரல் லைன், வென்டிலேட்டர் குழாய், செயற்கை மூட்டு, செயற்கை இதய வால்வு எல்லாமே உயிரில்லாத பரப்புகள். ரத்த ஓட்டமோ, கிருமியோடு சண்டை போடும் அணுக்களோ அவற்றுக்குள் கிடையாது. சிறுநீர்க் குழாய் போட்டால் சிறுநீரில் பாக்டீரியா சேரும் வாய்ப்பு நாளொன்றுக்கு 3 முதல் 7 சதவீதம் வரை கூடிக்கொண்டே போகிறது. வார்டு வாஷ்பேசினின் வளைந்த கழிவுக் குழாய்க்குள்ளும் படலம் இருக்கும். குழாயைத் திறந்ததும் தெறிக்கும் துளியில் அது வெளியே வரலாம்.

அதனால் குழாயில் தொற்று உறுதியானால் மருந்தோடு பெரும்பாலும் அந்தக் குழாயையே கழற்றிவிடுகிறார்கள். இன்னும் தேவையென்றால் புதுசு போடுகிறார்கள். அதற்கும் முன்னால், குழாய் இன்றைக்கும் வேண்டுமா என்று தினமும் ஒருமுறை கேட்டு, வேண்டாத நாளிலேயே எடுத்துவிடுவதுதான் நல்ல ஐ.சி.யு-க்களின் வழக்கம். உங்கள் வீட்டுப் பெரியவர் அட்மிட் ஆகியிருந்தால், டியூட்டி டாக்டரிடம் இதை நீங்களும் மரியாதையாகக் கேட்கலாம். லீவன்ஹூக் உப்பும் துணியும் வைத்துத் தேய்த்ததுபோல, படலத்துக்கு முதல் வைத்தியம் இடத்தை விட்டே அகற்றுவதுதான். செயற்கை மூட்டிலும் வால்வாலும் வரும் சிக்கல் அங்கேதான். நினைத்தவுடன் கழற்ற முடியாது, பல நேரம் பெரிய ஆபரேஷன் தேவைப்படும்.

வினிகரின் கதையும் முடியவில்லை. வினிகரின் புளிப்புக்குக் காரணமான அசிட்டிக் அமிலத்தை, சூடோமோனாஸ் பிடித்த தீக்காயங்களுக்கு டாக்டர்கள் இன்றைக்கும் பயன்படுத்துகிறார்கள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், முற்றிய படலங்கள் மேல் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை ஆய்வகத்தில் சோதித்தார்கள். மூன்று மணி நேரம் ஊறியபின் படலத்திலிருந்த கிருமிகள் செத்தன. வீட்டில் புண் மேல் வினிகர் ஊற்றிப் பார்க்கும் வேலை வேண்டாம். செறிவு கூடினால் தோல் வெந்துவிடும். லீவன்ஹூக் ஊற்றியதும் கிட்டத்தட்ட இதே சரக்குதான். அவர் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டார், பர்மிங்ஹாமில் மூன்று மணி நேரம் ஊறவிட்டார்கள்.